ஸ்கந்தபுரத்துக்குக் கொண்டுபோன ‘இல்லை’

கடந்த பங்குனியில் நான் வன்னிக்குப் போனது சுற்றிப் பார்க்க அல்ல, என் சிநேகிதி துஷாவிடம் ஒரு கெட்ட செய்தி சொல்ல. தொலைபேசியிலேயே சொல்லியிருக்கலாம். வெளிநாட்டில் ஒரே ஆய்வறையில் நாலு வருடம் கூட இருந்து வேலை செய்தவளுக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

முதலில் அந்த வேலையைச் சொல்லிவிடுகிறேன். ஈயத்தின் அணுக்கருக்களை ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் மோதவிடுவார்கள். அந்தச் சூட்டில் புரோத்தன்களும் நியூத்திரன்களும் உருகி, உள்ளே அடைபட்டிருந்த குவார்க்குகளும் குளுவான்களும் ஒரு கணம் திரவம்போல ஓடும். குவார்க்-குளுவான் பிளாஸ்மா என்பது இதுதான். அதைக் கடந்து வரும் துகள்கள் சக்தியை இழந்தே வெளியே வரும். ஈயத்தோடு ஒற்றைப் புரோத்தனை மோதவிட்டாலும் இந்த இழப்பு தெரியுமா? துஷாவின் கேள்வி இதுதான். தாயாருக்குச் சுகமில்லாமல் போக, பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பினாள். மிச்சத்தை நான் செய்தேன். ‘ஆம்’ என்று விடை வந்தால் அதைத் தொடர அவளுக்கு இடம் தருவதாகப் பேராசிரியர் சொல்லியிருந்தார். வந்தது ‘இல்லை’.

வவுனியாவில் காலை ஏழு மணிக்கு யாழ்ப்பாணப் பஸ் ஏறினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் கிளிநொச்சி. வலப்பக்க ஜன்னலில் இருக்காதீர்கள், காலை வெயில் முழுக்க அந்தப் பக்கந்தான். அங்கிருந்து ஸ்கந்தபுரத்துக்குப் பஸ் உண்டு. நான் அதைத் தவறவிட்டு, ஆயிரத்தைந்நூறு ரூபாய்க்கு ஓட்டோ பிடித்தேன். அறுவடை முடிந்து பாதி ரோட்டில் நெல் காயப்போட்டிருந்தார்கள்.

“நெல்லுக்கு மேலால ஏத்தேலாது தங்கச்சி, மெல்லமாத்தான் போவன்,” என்றார் ஓட்டோக்காரர்.

எனக்கும் அவசரமில்லை. என்ன சொல்வது என்று மனதுக்குள் மாற்றி மாற்றி அடுக்கிக்கொண்டே போனேன். ஒன்றும் சரிவரவில்லை.

துஷா பள்ளிக்கூட வாசலில் நின்றாள். அங்கே உயர்தர வகுப்புக்குப் பௌதிகவியல் படிப்பிக்கிறாள், சனிக்கிழமையும் வகுப்பு. என் முகத்தைப் பார்த்ததுமே அவளுக்கு விளங்கிவிட்டது.

“பெட்டி திறந்தாச்சோ?”

இது எங்கள் தொழில் வழக்கம். சரிபார்ப்பெல்லாம் முடியும்வரை விடையை எங்கள் கண்ணிலிருந்தே மறைத்து வைப்போம். இல்லாவிட்டால் ஆசைப்பட்ட பக்கம் கணக்கை வளைத்துவிடுவோம். மறைத்ததைப் பார்ப்பதற்குத்தான் பெட்டி திறப்பது என்று பெயர்.

“ஓமடி. ஒண்டுமில்லை. வரைபுக் கோடு பிழை எல்லைக்குள்ள தட்டையாக் கிடக்கு.”

“திறந்தாப்பிறகு ஏதும் மாத்தினனீங்களோ?”

“இல்லை.”

“அப்ப சரி,” என்றாள். ஏசியிருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “பள்ளிக்கூட அதிபரிட்ட முந்தியே என்ர இடத்துக்கு வேற ஆளைப் பாக்கச் சொல்லிப்போட்டன்.”

பெட்டி திறக்கமுன் எதையும் தீர்மானிக்காதே என்று எனக்குப் படிப்பித்தவளே அவள்தான்.

“வந்தனிதானே, பிள்ளையளுக்கு நீயே சொல்லு,” என்று வகுப்புக்குள் கூட்டிப்போனாள்.

பிள்ளைகளுக்குக் கேள்வி ஏற்கெனவே தெரிந்திருந்தது. சேற்று வயலுக்குள் ஓடுகிறவன் களைத்துத்தான் வெளியே வருவான் என்று அவள் விளங்கப்படுத்தியிருந்தாள். எங்கள் ஓட்டக்காரரிடம் களைப்பைக் காணவில்லை என்றேன். ‘இல்லை’ என்பதும் ஒரு விடைதான் என்றும் சொன்னேன், எனக்கே அது சப்பென்று இருந்தது.

முன்வாங்கில் இருந்த ஒரு பிள்ளை எழும்பினாள். “அப்ப ரீச்சர் வெளிநாடு போகமாட்டாவோ?”

“இனிப் போகமாட்டா,” என்றேன்.

யாரோ கைதட்ட, முழு வகுப்பும் சேர்ந்துகொண்டது. துஷாவும் சிரித்தாள். அந்தச் சந்தோசத்தைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் அதை நின்று கேட்பது கஷ்டமாகத்தான் இருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: தண்ணீர் கொண்டுபோங்கள், திரும்பும் பஸ் நேரத்தைக் கிளிநொச்சியிலேயே கேட்டு வையுங்கள். இப்படிச் செய்தி சொல்லப் போகிறவர்கள் ஒரு நாளாவது தங்குங்கள். நான் அன்று பின்னேரமே திரும்பினேன். பஸ் வரும்வரை துஷா அடுத்த தவணைப் பாடங்களைப் பற்றியே கதைத்தாள். நான் ஏறி இருந்த பிறகு ஜன்னலுக்குக் கிட்ட வந்தாள்.

“அந்த வரைபை ஒருக்கா அனுப்பிவிடடி. நானும் பாக்கவேணும்.”

அச்செடுத்த வரைபு என் பைக்குள்தான் இருந்தது. அதைக் காட்டினால் உடைந்துபோவாள் என்று நானே தீர்மானித்து, வெளியில் எடுக்காமல் வைத்திருந்தேன். கையை விட்டுத் தேடி எடுப்பதற்குள் பஸ் வெளிக்கிட்டுவிட்டது.