மடித்து வைத்த சான்றிதழ்

பிளஸ் டூ முடித்த எனக்கு எங்கள் மலைக்கிராமத்து அங்கன்வாடியில் வேலை பார்க்க வேண்டும் என்று ஆசை. அதற்கு வேண்டிய சாதிச் சான்றிதழுக்கு ஜமுனாமரத்தூர் இ-சேவை மையத்தில் விண்ணப்பித்தேன். அதன்பின் யார் கேட்டாலும், “சர்டிபிகேட் இன்னும் வரல” என்பேன். சந்தைக்குப் போகும்போதெல்லாம் அந்த மையத்தைத் தாண்டித்தான் நடப்பேன்; உள்ளே போய் ஒரு வார்த்தை கேட்டதில்லை. சான்றிதழ் கைக்கு வந்தால் நேர்காணலுக்குப் போக வேண்டும். அங்கே தோற்றால் ஊரே சிரிக்குமே என்ற பயம். இப்படியே வருடங்கள் ஓடின.

மூன்று மாதங்களுக்கு முன் எங்கள் ஊர் அங்கன்வாடிக்கே ஆள் எடுப்பதாக அறிவிப்பு வந்தது. கணவர் விடாமல் என்னை அந்த மையத்துக்கு அழைத்துப் போனார். சந்தையில் விற்கக் கொண்டுவந்த புளி மூட்டையுடன் அவர் வெளியே நிற்க, நான் உள்ளே போனேன்.

கம்ப்யூட்டரைப் பார்த்த பெண், “அக்கா, இது எப்பவோ வந்துடுச்சிங்களே! ஏன் எடுத்துக்கல?” என்றாள். அச்செடுத்துக் கொடுத்தவள், அறிவிப்பையும் என் பிறந்த தேதியையும் பார்த்துக் குரலைத் தாழ்த்தினாள். “இந்த வேலைக்கு வயசு தாண்டிப் போச்சுக்கா.”

தாளை மடித்துப் பையின் அடியில் வைத்தேன்.

“இன்னாச்சு?” என்றார் கணவர்.

“இன்னும் வரலயாம்.”

பஸ்ஸில் வழி நெடுக எனக்காக ஆபீஸ்காரர்களைத் திட்டிக்கொண்டே வந்தார்.

இப்போது தையல் பயிற்சிக்கு விண்ணப்பித்திருக்கிறேன். வாரம் தவறாமல் நேரில் போய்க் கேட்கிறேன். ‘இல்லை’ என்பதையும் காதால் கேட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுகிறேன். கணவர் இன்னும் ஆபீஸைத்தான் திட்டுகிறார். நான் எழுதும் இந்தக் கதை அச்சில் வந்தால், அவருக்கு நானே படித்துக் காட்ட வேண்டும்.