ஸ்பீக்கருக்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருந்தது

ஈரோட்டில் முப்பது வருடம் கல்யாணங்களுக்கு மைக் செட் போட்டவன் நான். இப்போது அமெரிக்காவில், பார்சிப்பனியில் மகள் வீட்டில் இருக்கிறேன். டிஜே ஆசையில் பேத்தி, தெரிந்தவர் ஒருவரிடம் பாட்டுகளை மிக்ஸ் பண்ணும் பழைய கன்ட்ரோலரும் ஸ்பீக்கரும் மலிவாக வாங்கினாள். ஆம்ப்ளிஃபயர் இல்லாமல் ஸ்பீக்கர் பாடுமா? கராஜில் கிடந்த ஒன்றை நானே நடுவில் இணைத்தேன். ஸ்பீக்கரிலிருந்து புகை வந்தது.

"அந்தாளு நல்லா ஏமாத்திட்டாரு!" என்று மகள் போன் போட்டு அவரைத் திட்டினாள்.

பேத்தி ஸ்பீக்கரின் பின்பக்கம் எழுதியிருந்ததைப் படித்தாள். "தாத்தா, இதுல ஆம்ப் பில்ட்-இன்!"

கூசிப்போய் விற்றவருக்கு நானே போன் போட்டேன். "தப்பு என்னுதுங்க."

"விடுங்க அங்கிள், நான் சொல்லிக் குடுத்திருக்கணும்" என்றார். திட்டியிருந்தால் தேவலை.

இப்போதெல்லாம் ஒயரைத் தொடுமுன் பேத்தியைப் படிக்கச் சொல்கிறேன். எனக்கு இங்கிலீஷ் படிக்க வராது என்பதை அவளிடம் சொல்லிவிட்டேன்.