வடக்கு ஏரிகளுக்குப் புறப்பட்ட லஸ்கர் கலியமூர்த்தி

செய்தி வந்தபோது அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் ரைஸ்மில்லில் வேலை செய்கிறவர் வாசலில் நின்று, லஸ்கர் கலியமூர்த்தி தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் காலையில் இறந்துவிட்டார் என்று சொன்னார். அப்பா தட்டிலிருந்து நிமிரவில்லை. "ஒருவழியா ஏரிக்குக் கெளம்பிட்டானா?" என்றார். வந்தவர் சிரித்தார். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவும் சிரித்தாள். நானும் சிரித்தேன். அதை முதலிலேயே எழுதிவிடுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமை படத்திறப்பில் வாசிப்பதற்கு, அவரோடு பழகியவர்கள் எழுதித் தரலாம் என்று லஸ்கர்கள் சங்கம் அறிவித்திருக்கிறது. நான் அவரோடு மூன்று வருஷம் பழகியிருக்கிறேன். வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகுதான் எழுத முடிகிறது. கையெழுத்து சில இடங்களில் சரியாக இருக்காது, மன்னிக்கவும்.

வெளியூரிலிருந்து வருகிறவர்களுக்காக அவர் வேலையைச் சொல்கிறேன். எங்கள் ஊர் மதகில் இரண்டு ஷட்டர்கள். ஒன்றைத் திறந்தால் தண்ணீர் எங்கள் ஊர் வயல்களுக்கு வரும். மற்றதைத் திறந்தால் வாய்க்கால் முடிகிற கடைமடை ஊர்களுக்குப் போகும். ஆற்றில் தண்ணீர் குறைந்துபோன இந்த வருஷங்களில் நான்கு நாள் எங்களுக்கு, நான்கு நாள் அவர்களுக்கு என்று முறை வைத்திருந்தார்கள். முறைப்படி திறந்து மூடுவது அவர் வேலை. ஒருமுறை அப்பா மதகுக்கே போய், ஒரே ஒரு ராத்திரி எங்கள் பக்கம் திறந்துவிடும்படி கேட்டார். நானும் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்திருந்தேன். அவர் துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, "தண்ணிக்கு எது யார் வயல்னு தெரியாதுங்க ஐயா. அதுக்குத்தான் என்னைய வச்சிருக்காங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. அன்று முதல் எங்கள் வீட்டில் அவர் பெயர் கலியன் ஆனது.

மீன் பிடிப்பதில் அவருக்கு இருந்த ஆசையை நீங்கள் அறிவீர்கள். அவருடைய சிநேகிதர் நன்னிலத்து ஜமால் துபாய்க்குப் போய், அங்கிருந்து கனடாவுக்குப் போய், ஏதோ ஒரு ஹோட்டலில் சமையல் செய்கிறார். சின்ன வயதில் இருவரும் சேர்ந்து தூண்டில் போட்டவர்கள். அந்த நாட்டின் வடக்கே ரோடு முடிந்துபோகிற இடத்துக்கு அப்பால் எண்ண முடியாத ஏரிகள் இருப்பதாகவும், தண்ணீரிலேயே இறங்குகிற சின்ன விமானத்தில் போக வேண்டும் என்றும், ஒருநாள் அழைத்துப் போகிறேன் என்றும் ஜமால் எழுதினார். கூடவே அந்த ஊர்க் கம்பெனிகள் அச்சடித்த இங்கிலீஷ் தாள்களை அனுப்புவார். கும்பகோணத்தில் இங்கிலீஷ் மீடியம் படிக்கிற பெண் என்பதால், அவற்றைப் படித்துச் சொல்ல என்னிடம்தான் கொண்டுவருவார். ஞாயிறு மத்தியானம், எங்கள் கொல்லைப்படியில் உட்காருவார்.

நாங்கள் போட்ட திட்டங்களுக்கு அளவில்லை. ஜூனில் பூச்சிக்கடி அதிகம், ஆகஸ்டில் வா என்று ஜமால் எழுதியிருந்தார். ஆகஸ்டில் மதகை விட்டு எப்படி வருவது? மே கடைசியில்தான் அங்கே ஐஸ் உருகும். மேட்டூர் அணை திறப்பதற்குள் அவர் திரும்பியாக வேண்டும். இடையில் கிடைப்பது பத்துப் பன்னிரண்டு நாள். அந்த நாட்களைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தார். மூங்கில் தூண்டிலை விமானத்தில் விடுவார்களா, மண் விறைத்துப்போன ஊரில் மண்புழு எப்படிக் கிடைக்கும், இங்கிருந்து டப்பாவில் கொண்டுபோனால் செத்துவிடாதா என்று கேட்டு ஜமாலுக்கு எழுதச் சொன்னார். அங்கே கடையிலேயே புழுவை டப்பாவில் போட்டு விற்கிறார்கள் என்று பதில் வந்தது. "கடையிலயா? புழுவயா?" என்று சிரிக்கத் தொடங்கியவர் அடுத்த ஞாயிறு வந்தபோதும் சிரித்துக்கொண்டிருந்தார். ஓர் ஆள் இத்தனை மீனுக்கு மேல் எடுக்கக் கூடாது, மீதியைத் தண்ணீரிலேயே விட்டுவிட வேண்டும் என்று ஒரு தாளில் இருந்தது. அதை இரண்டுதரம் படிக்கச் சொன்னார். "அங்கயும் முறை வச்சிருக்காங்க பாரு, பாப்பா" என்றார்.

இதையெல்லாம் நான் சாப்பாட்டு நேரத்தில் வீட்டில் நடித்துக் காட்டுவேன். அவர் பேசுகிற மாதிரியே பேசுவேன். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பா மட்டும் ஒருநாள் சிரிக்காமல், "அவ்வளவு பைத்தியமா அவனுக்கு?" என்று கேட்டார். நான் ஆமாம் என்றேன்.

தை மாதம், பயிர் பால் பிடிக்கிற நேரம். கடைமடைக்கு முறை நடந்துகொண்டிருந்தது. எங்கள் வயலும் காய்ந்தது. அப்பா என்னைக் கூப்பிட்டு, "உன் இங்கிலீஷ் எதுக்கு ஆவுதுன்னு பாப்போம்" என்று ஒரு கடிதம் எழுதச் சொன்னார். ஏரிக்கு ஆள் அழைத்துப்போகிற கம்பெனி எழுதுவதுபோல. ஜமால் சொன்னதன் பேரில் உங்களுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம், எங்கள் அதிகாரி மெட்ராஸுக்கு ஒரே ஒரு நாள் வருகிறார், நேரில் வந்து பார்க்கவும். இவ்வளவுதான் அப்பா சொன்னது. எழுதிப் பார்த்தேன். கலியமூர்த்தி மாமா நம்பமாட்டார் என்று எனக்குத் தோன்றியது. அதனால் நானாகவே கடைசியில் ஒரு வரி சேர்த்தேன்: "மண்புழு கொண்டுவரத் தேவையில்லை, இங்கேயே கிடைக்கும்." அப்பா அதைப் படித்துவிட்டு என் முதுகில் தட்டிக்கொடுத்தார். நான்கைந்து நாட்கள் வீட்டில் எனக்குத் தனி மதிப்பு இருந்தது.

கடிதம் டைப் அடிக்கப்பட்டு மெட்ராஸ் முத்திரையோடு அவருக்கு வந்தது. அதையும் படிக்க என்னிடம்தான் கொண்டுவந்தார். நான் படித்தேன். ஜமாலுக்கு எழுதிக் கேட்டால் பதில் வர ஒரு மாதம் ஆகுமே, நாள் ஆறுதானே இருக்கிறது என்று யோசித்துக்கொண்டே கேட்டார். புழு வரி வந்தது. அவர் முகம் மலர்ந்தது. "ஜமால்தான் சொல்லியிருக்கான். வேற யாருக்குத் தெரியும் இது?" என்றார்.

வாய்வார்த்தையாக ஒரு நாள் லீவு கேட்டுக்கொண்டு, ஷட்டரைப் பூட்டி, சாவியை இடுப்பில் முடிந்துகொண்டு பஸ் ஏறினார். அதிகாரியிடம் காட்டுவதற்காக இரண்டு தூண்டில்களையும் எடுத்துப்போனார். அன்று ராத்திரி எங்கள் ஆட்கள் பூட்டை உடைத்து, கடைமடை ஷட்டரை இறக்கி, எங்கள் பக்கம் ஏற்றினார்கள். கடிதத்தில் இருந்த முகவரியில் ஒரு மிட்டாய்க் கடை இருந்ததாம். பொழுது சாயும்வரை அதன் எதிரில் நின்றுவிட்டு மறுநாள் காலை அவர் ஊருக்குத் திரும்பியபோது, கடைமடை ஆட்கள் பஸ் ஸ்டாப்பில் காத்திருந்தார்கள்.

அடித்தார்கள். நெஞ்சில் மிதித்தார்கள். பிறகு தண்ணீர் வற்றிய வாய்க்காலுக்குள் அவரை இறக்கி, ஒடிந்த தூண்டிலைக் கையில் கொடுத்தார்கள். ஒருவர் கரையில் குந்தி, "புடி. ஒரு மீனாவது புடிச்சிட்டுத்தான் மேல ஏறணும்" என்றார். வேட்டியில் ரத்தத்தோடு அவர் அந்தச் சேற்றில் தூண்டிலை நீட்டிக்கொண்டு நின்றார். பள்ளிக்கூடம் போகிற எல்லோரும் நின்று பார்த்தோம். பலர் சிரித்தார்கள். அப்பா ஸ்கூட்டரை நிறுத்தினார். "போதும் விடுங்கப்பா. ஏதோ ஆசப்பட்டு வித்துட்டாரு, அதுக்காகக் கொன்னுடுவீங்களா?" என்றார். அதுவரை அவர் தண்ணீரை விற்றதாக யாரும் சொல்லவில்லை. அதற்குப் பிறகு எல்லோரும் சொன்னார்கள். கூட்டத்தில் என்னைக் கண்டுகொண்ட கலியமூர்த்தி மாமா, "பாப்பா, நீ ஸ்கூலுக்குப் போ. இத பாக்காத" என்றார்.

வேலையிலிருந்து நிறுத்தி வைக்கப்பட்ட பிறகு ஒருநாள் கும்பகோணம் வந்து, பள்ளிக்கூட வாசலில் எனக்காகக் காத்திருந்தார். பேசும்போது இடையிடையே நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். கம்பெனிக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றார். மதில் மேல் நோட்டை வைத்து, அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். "நான் சொன்ன நாள்ல வந்தேன். எடத்தக் கண்டுபுடிக்கத் தெரியல. தப்பு என்னோடது. இதனால ஜமாலுக்குக் கெட்ட பேரு வேணாம். அடுத்த வருஷம் எடம் இருந்தா சொல்லுங்க." தபாலில் சேர்த்துவிடுகிறேன் என்றேன். நான் உண்டாக்கிய முகவரிக்கு, நான் உண்டாக்கிய கம்பெனிக்கு. அப்போதே சொல்லியிருக்கலாம். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று சொல்லிவிட்டு வந்தேன்.

பிறகு, விசாரணைக்காக ஜமாலுக்கு எழுதிக் கேட்டதற்குப் பதில் வந்தது. தான் எதுவும் ஏற்பாடு செய்யவில்லை, எந்தக் கம்பெனியையும் கேட்கவில்லை என்று அவர் எழுதியிருந்தார். விசாரணை அதிகாரி அதைப் பார்த்துவிட்டு, தண்ணீரை விற்றதை மறைக்க இவரே பொய்க்கடிதம் தயாரித்திருக்கிறார் என்ற முடிவுக்கு வந்தார். சங்கத்துச் செயலாளர் அன்று உடன் இருந்தார். அவர் எங்கள் வீட்டில் சொன்னதைத்தான் எழுதுகிறேன். இந்தப் பயண விவரமெல்லாம் வேறு யாருக்குத் தெரியும் என்று அதிகாரி மூன்று தடவை கேட்டாராம். கலியமூர்த்தி மாமா அந்தக் கம்பெனிக் கடிதத்தை வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாராம். மூன்று தடவையும் "தெரியலைங்க" என்றாராம். அப்பா இதைக் கேட்டு, "முட்டாப்பய" என்றார். நான் அடுப்படிக்குப் போய்விட்டேன். அவர் அறிந்தவரையில் புழு விஷயம் தெரிந்தவர்கள் மூன்று பேர்தான். அவர், ஜமால், நான். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆனால் நான் படித்துக் காட்டிய அந்தப் புழு வரி எது என்று தெரியும்.

திங்கட்கிழமை மறுபடி விசாரணை. அவர் மனைவி அஞ்சம்மாளை வரச் சொல்லியிருக்கிறார்கள். குற்றம் உறுதியானால், கணவர் இறந்ததற்காக அந்த அம்மாளுக்குக் கிடைக்க வேண்டிய வேலை கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை படத்தைத் திறந்து வைப்பவர் என்று நோட்டீசில் அப்பாவின் பெயரை அச்சடித்திருக்கிறார்கள். அப்பா சட்டையை இஸ்திரிக்குக் கொடுத்திருக்கிறார்.

கம்பெனிக் கடிதத்தை முதலில் பென்சிலில் எழுதினேன். அதைக் கொளுத்திவிடும்படி அப்பா சொன்னார். நான் கொளுத்தவில்லை. இந்தத் தாள்களோடு வைத்திருக்கிறேன், விசாரணை அதிகாரியிடம் சேர்த்துவிடுங்கள். பள்ளிக்கூட மதிலில் வைத்து எழுதிய கடிதம் என்னிடம் இருக்கிறது. அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான். அதை நான் யாருக்கும் தரமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா பக்கத்தில் முன்வரிசையில்தான் உட்கார்ந்திருப்பேன். எனக்குப் பயமாக இருக்கிறது. இருந்தாலும் கீழே இருக்கிற பெயர்களை விட்டுவிட்டு வாசிக்காதீர்கள்.

த. சுதா, பத்தாம் வகுப்பு,
ரைஸ்மில் தங்கராசுவின் மகள்.