ஒரு அவுட்ஃபீல்டரின் குளிர்காலம்

என் கணவருக்கு பேஸ்போல் பிடித்துப்போனது எங்கள் கட்டடத்தின் நிலவறையில், உடுப்புத் தோய்க்கும் அறையில் வைத்து. பேர்ணில் நாங்கள் இருக்கும் அடுக்குமாடியில் ஒவ்வொரு வீட்டுக்கும் தோய்க்க ஒரு நாள் குறித்திருக்கிறார்கள். எங்கள் நாளில் மேல்வீட்டுத் தம்பி தன் கூடையோடு வந்து நின்றார். கோயம்புத்தூர்க்காரர், கணினிப் பொறியியலாளர், அப்போதுதான் குடிவந்தவர். நாள் மாறி வந்துவிட்டதாக மன்னிப்புக் கேட்டார். என் கணவர் ஒரு மெஷினை விட்டுக்கொடுத்தார். அது சுற்றி முடியும்வரை தம்பி கைபேசியில் ஒரு ஆட்டத்தைக் காட்டினார். அமெரிக்காவில் சில வருடம் வேலை பார்த்தபோது அவருக்கு ஒட்டிக்கொண்ட பழக்கம் அது.

என் கணவரோ மட்டக்களப்பில் கிரிக்கெட் விளையாடி வளர்ந்த மனிதர். மைதானத்தின் கடைசியில் ஒருவர் ஓடிப்போய்ப் பந்தைப் பிடிப்பதைப் பார்த்துவிட்டு, "இதைப் பிடிக்க ஏன் கையில மெத்தை கட்டியிருக்கிறார்?" என்று கேட்டாராம்.

தம்பி அடுத்த சனிக்கிழமையே அவரை நகரத்துச் சங்கத்துக்குக் கூட்டிப்போனார். அது ஆசிரியர்களும் தச்சர்களும் மாணவர்களும் விளையாட்டுக்காக விளையாடும் சின்னச் சங்கம். இவர் வெறுங்கையால் மூன்று பந்தைப் பிடித்துக் காட்டினார். உடனே இடது அவுட்ஃபீல்டில், அதாவது மைதானத்தின் இடது எல்லைப்பக்கம், நிறுத்திவிட்டார்கள். அடிக்கும் விஷயத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லப்போவதில்லை. கிரிக்கெட்டில்போல மட்டையைத் தரையில் தட்டிக்கொண்டு நிற்கும் பழக்கம் அவரை இன்றுவரை விடவில்லை.

நான் வேடிக்கை பார்க்கத்தான் போனேன். ஏப்ரல் குளிரில் சும்மா இருக்க முடியாமல், ஸ்கோர் எழுதிக்கொண்டிருந்த பெண்ணின் பக்கத்தில் போய் அமர்ந்தேன். தாள் முழுக்கச் சின்னச் சின்னக் கட்டங்கள். கட்டத்துக்குள் எண்களும் எழுத்துகளும். எனக்கு அது புதிதாகத் தெரியவில்லை. ஆஸ்பத்திரிச் சமையலறையில் நான் செய்யும் வேலையே அதுதான். நகரும் பட்டியில் வரும் ஒவ்வொரு தட்டிலும் ஒரு சீட்டு இருக்கும். உப்பில்லை, சீனியில்லை, மசித்தது என்பதெல்லாம் அதில் ஒற்றை எழுத்தில் இருக்கும். ஒன்றைப் பிழையாக வாசித்தாலும் ஒரு நோயாளிக்கு ஆகாத சாப்பாடு போய்விடும். அடுத்த குளிர்காலத்தில் சங்கம் என்னை இரண்டு நாள் பயிற்சிக்கு அனுப்பியது. அதன்பின் நானே எழுதத் தொடங்கினேன். அந்தத் தாளில் வீரர்களுக்குப் பெயரைவிட எண்தான் முக்கியம். இடது அவுட்ஃபீல்டுக்கு ஏழு. அப்படி ஐந்து கோடைகாலம் என் கணவரை ஏழு என்று எழுதினேன்.

ஆறாவது கோடை முடிந்த நவம்பரில்தான் வினை தொடங்கியது. விளையாட்டு நின்றுவிட்டால் மனிதர்கள் ஓய்ந்துவிடுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். தம்பிக்கோ குளிர்காலம்தான் உண்மையான பருவம். எந்த வீரர் எந்த அணிக்குப் போவார், யாரைக் கொடுத்து யாரை வாங்குவார்கள் என்று அமெரிக்காவில் கிளம்பும் வதந்திகளை எல்லாம் தேநீரோடு எங்கள் வீட்டுக்குக் கொண்டுவருவார்.

"அந்த லெஃப்ட் ஃபீல்டருக்குப் பத்து வருஷ ஒப்பந்தம் தரப்போறாங்கண்ணா" என்றார் ஒருநாள். "பெரிய லீக்ல ஆறு வருஷம் ஆடி முடிச்சா அவர் ஃப்ரீ ஏஜென்ட். எந்த டீம் கூப்பிட்டாலும் போகலாம்."

என் கணவர் விரல்விட்டு எண்ணினார். "எனக்கும் ஆறு முடிஞ்சுது" என்றார்.

"உங்களை அவையள் தொடக்கத்திலயிருந்தே ஃப்ரீயாத்தானே வச்சிருக்கினம்" என்றேன். தம்பி சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

இரண்டு வாரத்தில், லுட்சேர்னுக்குப் பக்கத்து எம்மன்புரூக்கேயிலிருந்து இவருக்கு ஒரு குறுஞ்செய்தி வந்தது. அங்குள்ள சங்கத்தின் தலைவர் அனுப்பியிருந்தார். அடுத்த பருவத்தைப் பற்றி உங்களோடும் உங்கள் மனைவியோடும் கதைக்க விரும்புகிறேன், வீட்டுக்கு வரலாமா என்று கேட்டிருந்தார். இவர் அதை மூன்று தடவை வாசித்தார்.

"என்னோடயும் ஏன் கதைக்கவேணும்?" என்று கேட்டேன்.

"ஊர் மாறுறதெண்டால் குடும்பத்தையும் கேக்கத்தானே வேணும்" என்றார். அமெரிக்காவிலும் அப்படித்தான் என்று தம்பி உறுதிப்படுத்தினார்.

அன்றிலிருந்து என் கணவரின் நடையே மாறிவிட்டது. கைபேசியை மேசையில் கவிழ்த்து வைத்தார். டிராம் பணிமனையில் வேலை முடிந்து வந்ததும் படுக்கையறைச் சுவரில் பந்தெறிந்து பிடித்தார். பேர்ண் அணியின் பயிற்சியாளர் எதற்கோ அழைத்தபோது, "இப்ப அதைப் பற்றி ஒண்டும் சொல்லேலாது" என்று ஜெர்மனில் சொல்லி வைத்துவிட்டார். பயிற்சியாளர் கேட்டது மார்ச்சில் மைதானத்து வேலி திருத்த இவர் வருவாரா என்று. வெள்ளிக்கிழமை கோயிலில் சாப்பாட்டு வரிசையில் நின்ற ஒரு அக்கா, "எம்மன்புரூக்கேக்கு வீடு மாறுறியளாம்?" என்று என்னைக் கேட்டார். எனக்கு முன்னால் நின்ற இவர் திரும்பி, "இன்னும் முடிவாகேல்லை அக்கா, கதைச்சுக்கொண்டிருக்கிறம்" என்றார். அந்தக் குரலில் அவர் கலியாணப் பேச்சுக்கூடக் கதைத்ததில்லை.

தம்பி தன்னைத்தானே ஏஜென்டாக நியமித்துக்கொண்டார். இருவரும் ஒரு முழு ஞாயிறு உட்கார்ந்து நிபந்தனைகள் எழுதினார்கள். இடது அவுட்ஃபீல்ட் தவிர வேறிடம் இல்லை. மைதானத்தில் வெள்ளைக்கோடு போடும் வேலை கிடையாது. லுட்சேர்ன் நிலையத்திலிருந்து காரில் கூட்டிப்போக வேண்டும். மூன்று வருடத்துக்குக் குறைந்து கையெழுத்து இல்லை.

ஜனவரி சனிக்கிழமை பின்னேரம் அந்தத் தலைவர் வந்தார். தொழிற்சாலையில் மேற்பார்வையாளராக இருக்கும் உயரமான சுவிஸ்காரர். சப்பாத்தை வாசலில் கழற்றிவிட்டு வந்து, நான் வைத்த ரோல்ஸில் இரண்டைச் சாப்பிட்டு, உறைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டார். தம்பி கோட்டுப் போட்டு வந்திருந்தார். நிபந்தனைகளை ஒவ்வொன்றாக வாசித்தார். வந்தவர் பொறுமையாகத் தலையசைத்துக் கேட்டார். எல்லாம் முடிந்ததும், "நல்லது, அவர் வந்தால் எங்களுக்குச் சந்தோஷம்தான். இடது பக்கத்துக்கு ஏற்கெனவே மூன்று பேர் இருக்கிறார்கள், ஒழுங்கு செய்யலாம்" என்றார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

அவர்களுடைய ஸ்கோர் எழுதும் பெண் கலியாணம் கட்டி ஃப்ரிபூர்க் போய்விட்டாராம். பயிற்சி பெற்ற ஒருவர் இல்லாமல் ஆட்டம் நடத்த முடியாது. கோடையில் எங்களோடு விளையாடியபோது என் தாளைப் பார்த்திருக்கிறார். அவ்வளவு சுத்தமான தாளைத் தான் கண்டதில்லை என்றார். "நீங்கள் வருவீர்களா? அதைக் கேட்கத்தான் வந்தேன்."

தம்பி மெதுவாகத் தன் தாளை மடித்தார்.

"அக்கா" என்றார், "உங்களுக்கு ஏஜென்ட் யாராச்சும் இருக்காங்களா?"

என் கணவர் எழுந்து தேநீர் ஊற்றப் போனார். குவளைகள் எல்லாம் நிறைந்துதான் இருந்தன.

யோசித்துச் சொல்கிறேன் என்று விருந்தாளியை அனுப்பிவைத்தேன். சமையலறையில் இவர் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தார். நானும் ஒரு துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினேன். கேலி செய்ய வாய்வரை வந்தது. அவருடைய முதுகைப் பார்த்ததும் விட்டுவிட்டேன்.

"எத்தினை வருசம் குடுக்கினமாம்?" என்று கேட்டார், திரும்பாமல்.

"கேக்கேல்லை."

"கேட்டிருக்கவேணும்."

உண்மையைச் சொன்னால், அன்று எனக்குள் ஒரு சந்தோஷம் ஓடிக்கொண்டிருந்தது. அதை அவருக்குக் காட்டப் பயமாக இருந்தது. இந்த நாட்டுக்கு வந்த நாளிலிருந்து ஒவ்வொரு வேலைக்கும் நான்தான் படிவம் நிரப்பிக் கொடுத்து, பதிலுக்குக் காத்திருந்தேன். என்னைத் தேடி ஒருவர் ரயிலேறி வந்து, சப்பாத்தைக் கழற்றிவிட்டு, நீங்கள் வருவீர்களா என்று கேட்டது அதுதான் முதல் தடவை.

அவருக்கு அது விளங்கியிருக்க வேண்டும். நாலு நாள் கழித்து, காலைக் கோப்பியின்போது, "நீர் போம்" என்றார். "நான் இஞ்சையே நிக்கிறன். அங்க மூண்டு பேர் இருக்கினம். ஆடாமல் வெளி வாங்கில குந்தியிருக்க நான் லுட்சேர்ன் போகேலாது."

"என்னைத் தனிய விடுறியளோ?"

"அணிதானே வேற. வீடு ஒண்டுதானே."

தம்பிதான் எனக்காகப் பேசினார். ஒரு வருட ஒப்பந்தம், மேசைக்கு மேல் கூடாரம், குளிருக்கு ஒரு கம்பளம். மூன்றுக்கும் உடனே ஒத்துக்கொண்டார்கள். இவருடைய பட்டியலில் ஒன்றுகூட இவ்வளவு சுலபமாக முடிந்திருக்காது என்று தம்பி சொன்னபோது, என் கணவர் ஜன்னலால் வெளியே பார்த்தார். பிறகு பேர்ண் பயிற்சியாளருக்கு அவரே போன் எடுத்து, வேலி திருத்த வாறன் என்றார்.

மே மாதத்தில் பேர்ண் அணி எம்மன்புரூக்கேக்கு விளையாட வந்தது. நானும் அவரும் ஒரே ரயிலில் போய் வெவ்வேறு பக்கம் பிரிந்தோம். மூன்றாம் சுற்றில் வேலியோரம் வரை ஓடி, விழுந்துகொண்டே ஒரு பந்தைப் பிடித்தார். இரண்டு அணிக்காரரும் கைதட்டினார்கள். ஏழாம் சுற்றில் நேராகக் கைக்கு வந்த பந்தை விட்டுவிட்டார். அது அடித்தவரின் திறமையா, பிடிக்காதவரின் பிழையா என்று தீர்மானிப்பது ஸ்கோர் எழுதுபவர். தூரத்திலிருந்து அவர் என் கூடாரத்தைத்தான் பார்த்துக்கொண்டு நின்றார். நான் பிழை என்றே எழுதினேன்.

திரும்பி வரும் ரயிலில் அவர் என் எதிரில் இருந்து கையுறையின் நாடாவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார்.

"வெயில் கண்ணில பட்டுட்டுது" என்றார் கடைசியில்.

"வெயிலுக்கு ஸ்கோர் தாளில இடமில்லை."

"நான் பேர்ண் ஆளெண்டபடியா எழுதினீரோ?"

"பேர்ணில இருந்திருந்தாலும் எழுதியிருப்பன்."

ஸ்கோர் தாளின் பிரதியை என்னிடம் வாங்கி மடியில் விரித்து வைத்துப் பார்த்தார். மூன்றாம் சுற்றில் ஏழுக்குப் பக்கத்தில் நான் ஒரு நட்சத்திரம் போட்டிருந்தேன். அது என்னவென்று கேட்டார். மிக நல்ல பிடி என்று அர்த்தம், முழுத் தாளிலும் ஒன்றுதான் போட்டிருக்கிறேன் என்றேன். அதன்பிறகு அந்தப் பந்து எந்த உயரத்தில் வந்தது, தான் எந்தக் காலை முதலில் வைத்தார் என்று பேர்ண் வரும்வரை சொல்லிக்கொண்டே வந்தார். நான் பார்த்ததுதான், இருந்தாலும் கேட்டுக்கொண்டு வந்தேன்.