கூஸ்கோ சுவரில் மாட்டிக்கொண்ட ஃபீலர் கேஜ்

என் கணவர் பாஸ்கரன் அளந்து பார்க்காமல் எதையும் நம்பமாட்டார். கல்யாணமான புதிதில் நான் சுட்ட தோசையின் விளிம்பும் நடுவும் ஒரே கனமா என்று பார்த்தவர். ஜெர்மனியில் ஆஹென் பல்கலைக்கழகத்தில் அவருக்கு இயந்திரவியல் ஆராய்ச்சி, அளப்பதுதான் வேலையே.

அங்கே பட்டறைக்குத் தலைவர் கிளிங்கன்பெர்க். கருவி வேண்டுமென்றால் நம் எண் பொறித்த பித்தளை வில்லையை அதன் ஆணியில் மாட்டிவிட்டு எடுத்துப்போக வேண்டும். திருப்பித் தந்தால்தான் வில்லை கைக்கு வரும். ஒருவர் ஏதோ கருவியை ஒடித்துவிட்டாராம். இரண்டு வருடமாக அவருக்கு ஒரு திருப்புளிகூடக் கிடைக்கவில்லை. அவர் வில்லை மட்டும் ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

கிளிங்கன்பெர்க் மேசையில் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. இளவயதில் அவரே செய்தது. மூடிக்கும் பெட்டிக்கும் நடுவே முடிகூடப் போகாது என்பார். யாரையும் தொடவிடமாட்டார்.

1973இல் லிமாவில் ஒரு சோதனை இயந்திரத்தை நிறுவ இவரை அனுப்பினார்கள். நானும் கூடப் போனேன். வேலை முடிந்தபின் ஒரு வாரம் பெரு நாட்டைச் சுற்றிப் பார்க்கலாம் என்று ஏற்பாடு. லிமாவில் எல்லோரும் மர மாடங்களை அண்ணாந்து பார்த்தார்கள். இவர் தேவாலயக் கதவின் கீலைப் பார்த்தார். கூஸ்கோவுக்குப் போனோம். மலை உயரத்தில் நாலு படி ஏறினாலே மூச்சு வாங்கியது. குளிருக்கு, தலைவழியே மாட்டும் கம்பளிப் போர்வையான போஞ்சோவை ஆளுக்கொன்று வாங்கி மாட்டிக்கொண்டோம்.

அங்கே ஒரு சந்தில் இன்கா மக்கள் கட்டிய சுவர் இருக்கிறது. சாந்தே பூசாமல் கல்லோடு கல்லைப் பொருத்தியிருக்கிறார்கள். அதில் ஒரு கல்லுக்குப் பன்னிரண்டு மூலை. நடுவே சவரத் தகடுகூட நுழையாது என்றார் வழிகாட்டி. இவர் கை கோட்டுப் பைக்குள் போனதை நான் பார்த்தேன். வெளியே வந்தது பட்டறையின் ஃபீலர் கேஜ். விசிறி மாதிரி விரியும் மெல்லிய எஃகுத் தகடுகள், இடுக்கை அளப்பதற்கு. கட்டடத்தை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாத கருவி.

மற்றவர்கள் நகரும்வரை காத்திருந்து ஒவ்வொரு தகடாக வைத்துப் பார்த்தார். எதுவும் நுழையவில்லை. கடைசியில் மிக மெல்லியது, மில்லிமீட்டரில் நூற்றில் ஐந்து பங்கு கனம், இரண்டு விரற்கடை உள்ளே போய்விட்டது. முகமெல்லாம் சிரிப்பு. பிறகு இழுத்தார். வரவில்லை. இன்னும் இழுத்தால் கிழிந்துவிடும். மொத்த விசிறியும் சுவரில் தொங்கியது.

"போச்சு வைதேகி. இது உடைஞ்சா கிளிங்கன்பெர்க் எனக்கு இனிமே ஒரு டூல் தரமாட்டார். தீசிஸ் முடிக்க இன்னும் ஆறு மாசம் எக்ஸ்பெரிமென்ட் இருக்கு."

சந்தில் காவலர் ஒருவர் வந்தார். இவர் சட்டென்று திரும்பி, முதுகால் கேஜை மறைத்துக்கொண்டு கல்லோடு கல்லாக நின்றார். காவலர் போனதும் ஒரு ஜெர்மன் தம்பதி வந்தார்கள். கல்லைப் படம் பிடிக்க வேண்டும், நகருங்கள் என்று கையசைத்தார்கள். இவர் அசையவில்லை. அந்தம்மா இவரை மேலும் கீழும் பார்த்தார். போஞ்சோ, மாநிறம், மீசை.

"இவரும் இருக்கட்டும். அசல் இன்கா முகம்" என்றார் தன் கணவரிடம்.

"மன்னிக்கணும், நான் ஆஹெனிலிருந்து வர்றேன்" என்றார் இவர் ஜெர்மனில்.

"எவ்வளவு நல்லா ஜெர்மன் சொல்லிக் கொடுத்திருக்காங்க பாருங்க" என்றார் அந்தம்மா. மூன்று படம் எடுத்து, கையில் ஒரு மிட்டாயும் கொடுத்துவிட்டுப் போனார்.

எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. இவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டேன்.

"ஏங்க, எண்ணெய் விட்டுப் பாக்கலாமா?"

தலைக்குத் தேய்க்கும் தேங்காய் எண்ணெய் என் பையில் எப்போதும் இருக்கும். ஆனால் அந்தக் குளிரில் மெழுகாக உறைந்திருந்தது. கொண்டை ஊசியால் தோண்டி உள்ளங்கையில் உருக்கினேன். ஊசி நுனியில் தொட்டுத் தொட்டுத் தகட்டின் மேல் வழியவிட்டேன். உள்ளே இறங்கக் கால் மணி நேரம் ஆனது. அதுவரை இவர் இன்காவாகவே நின்றார். இன்னும் இரண்டு பேர் படம் எடுத்தார்கள்.

தகடு முழுசாக வந்துவிட்டது. கல்லில் மட்டும் ஒரு சின்னக் கறை. வெயிலில் காய்ந்திருக்கும் என்று நம்புகிறேன். மறுநாள் மாச்சு பிச்சுவில் அத்தனை சுவர்கள் இருந்தும் இவர் இரண்டு கையையும் பையை விட்டு எடுக்கவேயில்லை.

ஆஹெனுக்குத் திரும்பியதும் தனியாகப் போகப் பயந்து என்னையும் பட்டறைக்கு அழைத்துப்போனார். கிளிங்கன்பெர்க் ஒவ்வொரு தகடாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். எல்லாம் நேராக இருந்தன. பிறகு முகர்ந்தார்.

"இது என்ன வாசனை?"

இவருக்குப் பொய் சொல்ல வராது. கூஸ்கோ, காவலர், மிட்டாய் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். கிளிங்கன்பெர்க் முகம் சிவந்தது. ஆணியில் தொங்கிய இவர் வில்லையைப் பார்த்தார். அத்துடன் ஆறு மாத வேலையும் முடிந்தது என்று நினைத்தேன்.

"எது உள்ளே போனது?" என்று கேட்டார்.

"நூற்றில் ஐந்து. அதைவிடக் கனமானது எதுவும் போகவில்லை."

அவர் அந்தத் தகட்டைத் தன் இரும்புப் பெட்டியின் மூடி இடுக்கில் வைத்தார். வழுக்கிக்கொண்டு போய்விட்டது. நூற்றில் பத்தை எடுத்தார். அதுவும் போனது. பதினைந்தை எடுக்கப்போனவர் எடுக்கவில்லை. எங்களைப் பார்த்தார்.

"தேங்காய் எண்ணெய்" என்றார். "அதனால்தான் போகிறது."

"ஆமாம், எண்ணெயால்தான்" என்றார் இவர். டாலரன்ஸ் என்கிற அளவுப் பிசகு விஷயத்தில் இவர் சொல்லி நான் கேட்ட ஒரே பொய் அது.

கிளிங்கன்பெர்க் வில்லையைக் கழற்றி இவர் கையில் வைத்தார்.