மில் கிணற்றில் எடுத்த பெண்

வெள்ளகோவிலில் பஸ்ஸை விட்டு இறங்கியதும் எங்கிருந்தோ வந்த பருத்திக்கொட்டை வாசம், இன்று கல்யாண மண்டபமாகிவிட்ட பழைய ஜின்னிங் மில்லுக்குள், பஞ்சுத்தூசி படிந்த தலையோடு அம்மா வேலை செய்த இரைச்சலுக்குள் என்னைக் கொண்டுபோய் விட்டது. அந்த மில் கிணற்றிலிருந்துதான், யாரோ கழுத்தை நெரித்துப் போட்டிருந்த ஒரு பெண்ணை எடுத்தார்கள். அவள் யாரென்று தெரியவில்லை, கொன்றவனும் சிக்கவில்லை. அம்மா தன் புதுச்சேலையைப் போர்த்தி அனுப்பினாள். பிறகு பல வருஷம், பஸ் ஸ்டாண்டில் வெளியூர் முகம் எதைக் கண்டாலும், "ஏனுங்க, உங்க ஊட்டுப் புள்ள ஏதாச்சும் காணாமப் போயிருச்சுங்களா?" என்று கேட்பாள், நான் கூச்சத்தில் அவள் கையைப் பிடித்து இழுப்பேன்.

கோவைக்குத் திரும்பி வீட்டுக்குள் நுழைந்ததும், படுக்கையிலிருந்தபடியே அம்மா கேட்டாள்: "அந்தப் புள்ளயத் தேடி யாராச்சும் வந்தாங்களா, கண்ணு?"

"இல்லீங்கம்மா."

"அவளப் பெத்தவளும் இன்னேரம் போய்ச் சேந்திருப்பா" என்று சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.