அடுப்பங்கரைச் சுவரும் ஆரஞ்சு வெளிச்சமும்

கிளாவரைக்குப் போகும் பாதையில் மழைதோறும் அடித்துக்கொண்டு போன கல்பாலத்தை நிற்க வைத்தவன் நான். வட்டக்கானல் சரிவில், கடைக்கால் பிடிக்காது என்று மற்றவர்கள் கைவிட்ட இடத்தில் வீடு கட்டினேன், இன்றும் நிற்கிறது. கொடைக்கானலில் நான் எழுப்பிய புகைபோக்கி எதுவும் வீட்டுக்குள் புகை தள்ளியதில்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. இந்த வரிசையில் ஓர் இருட்டறையும் சேரும். அதைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது.

அறுபதுகளின் தொடக்கம். மலைமேல் இருந்த ஒரு பள்ளிக்கூடத்தின் வேதியியல் ஆசிரியர், தாமே காய்ச்சி எடுத்த ஒரு பொடியை வைத்திருந்தார். பார்த்தால் கோலமாவு மாதிரி இருக்கும். மங்கலான ஊதா விளக்கைக் காட்டினால் பச்சையாக ஒளிரும். பாறையிலிருந்து எடுத்ததல்ல, தாரிலிருந்து பிரிக்கிற சரக்கில் செய்தது என்றார். அதை வைத்துப் பார்க்க வெளிச்சம் புகாத அறை வேண்டுமென்று என்னிடம் வந்தார்.

மலையில் அறை கட்டினால் ஒரு சுவரைச் சமையலறைப் புகைபோக்கியோடு ஒட்டிக் கட்டுவோம். விறகின் சூடு வீணாகாது, அறையில் ஈரமும் தங்காது. அவர் கேட்காமலே அப்படிக் கட்டிக் கொடுத்தேன்.

தை மாதத்துப் பனியில் ஒரு காலை ஆள் அனுப்பினார். உள்ளே ஒரே பொடி நிரப்பிய இரண்டு குப்பிகள் இருந்தன. வெளிச்சுவர்ப் பலகையில் இருந்தது பச்சையாக ஒளிர்ந்தது. புகைபோக்கிச் சுவர்ப் பலகையில் இருந்தது ஆரஞ்சு.

"உங்க சுவரு பொடியைக் கெடுத்திருச்சு மேஸ்திரி. புகை கசிஞ்சிருக்கு. இடிச்சிருங்க."

"சுவத்துல என்ன சார் கெடக்கு? கல்லும் சுண்ணாம்பும்தான்."

வாசலில் நின்ற சமையல்காரர் சும்மா இருக்கவில்லை. "மேஸ்திரி கட்டுனதுல மொதமொதக் கசிஞ்சது இதுன்னு கல்லுல வெட்டி வைங்க சார்."

"அண்ணே, உங்க சோலி அடுப்புல கெடக்கு. போய்ப் பாருங்க."

என் புகைபோக்கி கசிகிறது என்ற பேச்சு கடைவீதிக்குப் போனால், அதோடு என் தொழில் முடிந்தது. தோளில் இருந்த வெள்ளைத் துண்டை எடுத்துச் சுவரை மேலிருந்து கீழ்வரை துடைத்துக் காட்டினேன். கரி ஒட்டவில்லை. ஆசிரியர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஆரஞ்சுக் குப்பியைக் கையில் எடுத்தவர், "சுடுதே" என்றார். அதை வெளிச்சுவர்ப் பலகையில் வைத்துவிட்டு, பச்சைக் குப்பியை இந்தப் பக்கம் மாற்றினார். டீ குடித்துவிட்டு வந்து விளக்கைப் போட்டோம். நிறங்களும் இடம் மாறியிருந்தன.

"கெடலை மேஸ்திரி. சூட்டுக்கு நெறம் மாறுது. ஆறுனா திரும்பிருது."

"அப்ப இடிக்கவா சார்?"

"வேணாங்க."

அந்தக் குளிர்காலம் முழுவதும் அவர் அந்தச் சுவரை விட்டு நகரவில்லை. சுவரிலிருந்து தள்ளித் தள்ளிப் பலகை அடித்துக் கொடுத்தேன். ஒரே பொடி ஆரஞ்சு, மஞ்சள், பச்சை என்று வரிசையாக நின்று ஒளிர்ந்தது.

இப்போது பள்ளிக்கு நினைவு மலர் போடுகிறார்கள். அதில் வரப்போவதைப் படித்துக் காட்டினார்கள். அறையில் தற்செயலாக இருந்த வெப்ப வேறுபாட்டால் இது தெரியவந்ததாம். தற்செயல் எங்கிருந்து வந்தது? அந்தச் சுவரைச் சூடாக இருக்கவேண்டும் என்றே கட்டியவன் நான். பொடி அவருடையது, அதில் பங்கு கேட்கவில்லை. சூடு என்னுடையது. 'தற்செயலாக' என்ற வார்த்தையை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சுவர் கட்டிய மேஸ்திரியின் பெயரைப் போடவேண்டும்.